பக்கத்து வீட்டு முகவரி

2008, ஜூலை 26. சனிக்கிழமை. சாயங்காலம் ஆறே முக்கால் மணி வாக்கில் அகமதாபாத்தில் முதல் குண்டு வெடித்தது. அடுத்த எழுபது நிமிடங்களுக்குள் இருபதுக்கும் மேலே. கடைசியில், அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியையும் விட்டுவைக்கவில்லை. 56 பேர் செத்துப்போனார்கள்.

முதல் குண்டுக்குச் சில நிமிடங்கள் முன்னால் டிவி சேனல்களுக்கு ஓர் இமெயில் வந்திருந்தது. இன்னும் ஐந்தே நிமிடம் என்று மிரட்டல். கீழே இந்தியன் முஜாஹிதீன் என்று பெயர். இமெயில் எந்த இணைப்பிலிருந்து கிளம்பியது என்று போலீஸ் தேடியது. ஒளித்து மறைத்த சுவடே இல்லை. நவி மும்பை, சான்பாடா, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கதவைத் தட்டினார்கள். திறந்தவர் ஓர் அமெரிக்கர்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். இங்கே வேலைக்கு வந்தவர், மனைவி குழந்தைகளோடு குடியிருப்பவர். வீட்டில் வைஃபை வைத்திருந்தார். அதற்குச் சரியான பூட்டு இல்லை. செய்த குற்றம் அவ்வளவுதான். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். நாள்கணக்கில் விசாரணை. பொய் கண்டறியும் சோதனைக்குக்கூட உட்கார்ந்தார். ஊரை விட்டுப் போகக்கூடாது என்று விமான நிலையங்களுக்கெல்லாம் தாக்கீது போயிருந்தும், ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் டெல்லி வழியாக அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டார். அப்புறம் திரும்பி வந்தார், குற்றமற்றவர் என்றும் ஆனது. ஆனால் அந்த மூன்று வாரங்கள் அவர் பெயர் எந்தெந்த டிவியில் எப்படியெல்லாம் ஓடியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

யாரோ ஒருவர் அவர் வீட்டு இணைப்பைக் கடன் வாங்கியிருந்தார். கேட்காமல்.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம். ஏனென்றால், அதற்கு முந்தைய ஐந்தாறு வருஷங்களாக உலகம் முழுக்க இது ஒரு விளையாட்டு சமாசாரமாகத்தான் இருந்தது.

1985ல் அமெரிக்க அரசு ஒரு காரியம் செய்தது. மைக்ரோவேவ் அடுப்பு மாதிரியான சாதனங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த சில அலைவரிசைகளை, லைசென்ஸ் இல்லாமலேயே செய்தி அனுப்பவும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அங்கிருந்து பிறந்ததுதான் வைஃபை. 1997ல் விதிமுறை எழுதினார்கள், 1999ல் பெயர் வைத்தார்கள், அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு பெட்டி வந்துவிட்டது. இந்தியாவில் 2005ல்தான் கட்டடத்துக்கு வெளியே இந்த அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதி கிடைத்தது.

சுவர் என்றால் மனிதனுக்குத்தான் சுவர். அலைக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுக்குப் போனது. தெருவுக்கும் போனது. பெட்டி விற்ற கம்பெனிகள், வாங்குகிறவர் குழம்பக்கூடாது என்று பூட்டே போடாமல் அனுப்பின. வாங்கியவரும் சொருகினார், வேலை செய்தது, விட்டுவிட்டார். 2002ல் லண்டனில் மாட் ஜோன்ஸ் என்பவர் இதற்கென்று ஒரு சங்கேத மொழியே உண்டாக்கினார். எங்கே திறந்த வைஃபை கிடைக்கிறதோ அங்கே நடைபாதையில் சாக்பீஸால் இரண்டு அரைவட்டங்களை முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் போட்டுவிட வேண்டும். முழு வட்டம் என்றால் பூட்டியிருக்கிறது, நடையைக் கட்டு. ஊர் சுற்றும் நாடோடிகள் ‘இந்த வீட்டில் சோறு போடுவார்கள்’ என்று சுவரில் கிறுக்கி வைத்த பழைய வழக்கத்திலிருந்து எடுத்த யோசனை.

சட்டம் இதை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறியது. 2005ல் அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்தில், ஒரு வீட்டு வாசலில் காரை நிறுத்தி லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தவரைக் கைது செய்தார்கள். அதே வருஷம் லண்டனில் ஒருவருக்கு 500 பவுண்டு அபராதம். சிங்கப்பூரில் பக்கத்து வீட்டு இணைப்பைப் பயன்படுத்திய பதினேழு வயதுப் பையனுக்கு, 2007ல், பதினெட்டு மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பு.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது மிச்சிகன் வழக்கு. அதுவும் 2007தான். ஸ்பார்ட்டா என்று ஒரு சின்ன ஊர். தினமும் ஒருவர் காபிக் கடை வாசலில் காரை நிறுத்துவார், காருக்குள் இருந்தபடியே மெயில் பார்ப்பார், போவார். போலீஸ் அதிகாரி ஒருவருக்கு உறுத்தியது. கேட்டார். அந்த மனிதர் ஒளிக்காமல் சொன்னார், கடை வைஃபைதான் சார் என்று. காபிக் கடைக்காரருக்கு இது குற்றம் என்றே தெரியாது, அவர் புகாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் போலீஸ் தேடிப்பிடித்து 1979ல் போட்ட ஒரு சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. 400 டாலர் அபராதம், நாற்பது மணி நேரம் சமூக சேவை. கடைக்காரருக்கு நஷ்டம் எவ்வளவு? பூஜ்யம்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்றுதான் புத்தி போகும். இந்தக் கேள்வியையும் ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளிக்கு என்ன குறைந்தது? ஒன்றும் குறையவில்லை என்றால் திருட்டு எப்படி? தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தவன் மின்வாரியத்துக்குக் கடன்காரனா?

இதற்குத் தெம்பான ஆதரவும் இருந்தது. கம்ப்யூட்டர் பாதுகாப்பில் உலகம் மதிக்கிற நிபுணர் ப்ரூஸ் ஷ்னையர், 2008 ஜனவரியில் ஒரு கட்டுரை எழுதினார். என் வீட்டு வைஃபையை வேண்டுமென்றே திறந்துதான் வைத்திருக்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு கப் டீ கொடுப்பது மாதிரி இது என்பது அவர் கட்சி. பூட்டு நிபுணரே கதவைத் திறந்து போட்டிருக்கும்போது நமக்கென்ன?

இன்னொரு வாதம் அதைவிட சாமர்த்தியமானது. என் லேப்டாப், வரலாமா என்று கேட்கிறது. அவர் வீட்டுப் பெட்டி, வா என்று சொல்லி உட்கார ஓர் இடமும் கொடுக்கிறது. அப்புறம் அனுமதி இல்லை என்றால் எப்படி? கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கல்லூரியில் மெர்க்கன்டைல் லா பேப்பரில் முதலில் சொல்லித் தருவதே, மௌனம் சம்மதம் ஆகாது என்பதுதான். பெட்டியைத் திறந்து பார்க்காத மனிதரின் மௌனம் அது. நமது 2000ஆம் வருஷத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் உரிமையாளரின் அனுமதியைத்தான் கேட்கிறது, பெட்டியின் அனுமதியை அல்ல.

தவிரவும், நஷ்டமே இல்லை என்பது இந்தியாவில் அன்றைக்கு சுத்தப் பொய். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த புதிதில் மாதத்துக்கு இத்தனை எம்பி என்று அளவு உண்டு. தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் காசு. சில திட்டங்களில் ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை அளவில்லை. பல பேர் அலாரம் வைத்து எழுந்து சினிமா இறக்கிய காலம். அப்படியானால் ராத்திரி மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு இணைப்பை எடுத்தால் தப்பில்லை, மத்தியானம் மூன்று மணிக்கு எடுத்தால் தப்பு என்று கணக்கு வருமா? பற்று வரவு பார்த்தால் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

சான்பாடா விஷயம் பேப்பரில் வந்த பிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. பேரேட்டில் வராத ஓர் ஐட்டம்.

ஒரு வீட்டுக்குள் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியே போகும்போது பொதுவாக எல்லாவற்றுக்கும் ஒரே முகவரிதான். அந்த வீட்டு இணைப்பின் முகவரி. இன்லண்ட் லெட்டரில் அனுப்புநர் இடத்தில் அச்சடித்தே வந்துவிடுகிற மாதிரி. உள்ளே யார் எழுதினார்கள் என்று தபால்காரருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு இணைப்பில் உட்கார்ந்து நான் எதைச் செய்தாலும் அது அவர் பெயரில் போகிறது. என் மெயில், என் கிறுக்குத்தனம் எல்லாம் அவர் கையெழுத்தோடு.

அந்தக் கும்பலுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. 2008 மே மாதம் ஜெய்ப்பூர் குண்டுவெடிப்புக்கு வந்த மெயில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து போனது. பிரவுசிங் சென்டரில் முகத்தைக் காட்ட வேண்டும், பல இடங்களில் அடையாள அட்டை வேறு. அகமதாபாத்துக்கு வந்தபோது அந்தத் தொல்லையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த மெயில் ஆகஸ்டில், மும்பை மாதுங்காவில் ஒரு கல்லூரி வைஃபையிலிருந்து. செப்டம்பர் 13, டெல்லி குண்டுவெடிப்பு. மெயில் போனது செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபையிலிருந்து. மூன்று இடத்திலும் உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. புனேயைச் சேர்ந்த சாஃப்ட்வேர் ஆசாமிகள் சிலரை அக்டோபரில் கைது செய்தார்கள். இந்த விசாரணை நடந்தபோது மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் படைக்குத் தலைவர், ஹேமந்த் கர்கரே. அந்த நவம்பர் 26 ராத்திரி மும்பை தாக்குதலில் சுடப்பட்டு இறந்தாரே, அவர்தான். வழக்கு இழுத்து இழுத்து 2022 பிப்ரவரியில்தான் அகமதாபாத் தனி நீதிமன்றம் 38 பேருக்குத் தூக்கு, 11 பேருக்கு ஆயுள் என்று சொன்னது.

2009 ஜனவரியில் மும்பை போலீஸார் லேப்டாப்பும் கையுமாகத் தெருவில் இறங்கினார்கள். பூட்டில்லாத வைஃபை இருக்கிறதா என்று வீதி வீதியாகத் தேடினார்கள். அடுத்த மாதம் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பத்திரப்படுத்தும் வழிமுறைகளை இணைப்பு கொடுக்கும் கம்பெனிகளுக்கு அனுப்பியது. 2010ல் ஜெர்மனியின் உயர்ந்த சிவில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. உல்லாசப் பயணம் போயிருந்த ஒருவரின் வைஃபை வழியாக யாரோ பாட்டைத் திருட்டுத்தனமாகப் பரிமாறியிருந்தார்கள். நஷ்டஈடு தரவேண்டாம், ஆனால் சரியாகப் பூட்டாதது உன் பொறுப்பு என்று வீட்டுக்காரருக்குத் தீர்ப்பு. கடைகளும் ஓட்டல்களும் பயந்து வைஃபை கொடுப்பதையே தவிர்க்க, 2017ல் அரசு சட்டத்தைத் திருத்தி அந்தப் பொறுப்பை இறக்கி வைத்தது.

எனக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. அப்போது சென்னையில் வாடகை வீட்டில் இருந்தேன். மேல் வீட்டில் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அவர் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தான். பூட்டு இல்லை. எட்டு மாதம் அதில்தான் என் பிழைப்பு ஓடியது. பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பியதும் அதில்தான்.

பேப்பரில் அந்த அமெரிக்கர் படத்தைப் பார்த்த அன்றைக்கு மாடி ஏறினேன். விஷயத்தைச் சொல்லி, இரண்டாயிரம் ரூபாயை நீட்டினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பணத்தைத் தொடவில்லை.

“காசு கிடக்கட்டும் தம்பி. எட்டு மாசமா என் பேர்ல என்னென்ன பார்த்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் சொல்லவில்லை.