செல்போனும் கோடாலியும்

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்துகொள்ள, முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என அடையாற்றுக் கரை இரவோடு இரவாக மூழ்கியது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல், காவிரி டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. இரண்டிலும் யாரும் கூப்பிடாமலே இறங்கியவர்கள் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். செய்த வேலைதான் வேறு வேறு.

சென்னையில் உதவி கேட்டவர்களும் இருந்தார்கள், உதவ வந்தவர்களும் இருந்தார்கள். நடுவே தகவல்தான் இல்லை. எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர், எந்த மண்டபத்தில் இடம், படகு எங்கே நிற்கிறது என்று வாட்ஸ்அப்பிலும் ட்விட்டரிலும் திரட்டிப் பட்டியல் போட்டார்கள். ஆனால் மீட்கப்பட்டு நாளானவரின் எண்ணும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு, "வெளியே வந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டுப் பெயரை அடித்துவிடுவதற்கே தனியாக ஆள் வேண்டியிருந்தது. மீனவர்கள் தெருவுக்குள் படகு ஓட்டியதற்கு நிகராகவே இந்த வேலையையும் மதிக்கிறேன்.

கஜாவில் அந்தச் செல்போனே ஊமையாகிவிட்டது. கோபுரங்கள் செயலிழந்தன. லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் கையில் எடுத்தது கோடாலியும் மரம் அறுக்கும் மிஷினும். விழுந்த மரம்தானே என்று அசட்டையாக வாள் வைக்க முடியாது. வளைந்து அழுந்திக் கிடக்கும் மரம், பாதி அறுபட்டதும் விசையோடு எகிறும். அடியில் மின்கம்பி சிக்கியிருக்கும். "தம்பி, அந்தப் பக்கம் நிக்காதே" என்று சொல்ல மரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். பாதை திறந்த பிறகு, வேனில் ஏற்றிய ஜெனரேட்டர் ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும். அது ஓடும் நேரத்துக்குள் பக்கத்துப் பலகையில் ஊரே செல்போனைச் சார்ஜ் போட்டுக்கொள்ளும்.

வெளியூர் லாரிகள் பெரும்பாலும் மெயின் ரோட்டோடு நின்றன. உள்ளே எந்தத் தெருவில் கூரை இல்லை, எந்த வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருக்கிறாள் என்பது உள்ளூர்ப் பையன்களுக்குத்தான் தெரியும். நிவாரணப் பொருள்களைப் பைக்கில் வைத்துக் கொண்டுபோனார்கள். தன் வீட்டுக் கூரையும் பறந்திருக்க, அடுத்தவருக்குத் தார்ப்பாய் கொடுத்தவர்கள் அவர்கள். நிவாரணப் பட்டியல் எழுதுகிறவன் அதில் தன் பெயரை எழுதக் கூசுவான். அந்தக் கூச்சத்தை நிவாரணக் கணக்கு எதுவும் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

சென்னையில் தண்ணீர் வடிந்ததும் தொண்டர்களில் பலர் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் திரும்பினார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. டெல்டாக்காரனுக்குத் திரும்பிப் போக வேறு இடம் இல்லை. புதிதாக வைத்த தென்னங்கன்று காய்க்கவே ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை காத்திருக்காமல், 2019இல் பேராவூரணி இளைஞர்கள் ஒன்றுகூடி, ஊரின் பெரிய ஏரியைத் தாங்களே தூர்வாரத் தொடங்கினார்கள்.