ரோட்டுச் சண்டையும் சட்டத்தின் பார்வையும்

1860இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு, பொதுவழியில் வண்டி ஓட்டுகிறவனோடு குதிரையில் போகிறவனையும் சேர்த்தே பேசியது. மோட்டார் வராத காலத்துச் சட்டம். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டினால் ஆறு மாதம்வரை சிறை. 1870இல் சேர்ந்த 304அ, அஜாக்கிரதையால் சாவு நேர்ந்தால் இரண்டு வருடம்வரை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா இவற்றை 281, 106 என்று எண் மாற்றி, சாவுக்கான தண்டனையை ஐந்து வருடமாக உயர்த்தியது. பார்வை மட்டும் மாறவில்லை. ஒரு கை, ஒரு ஸ்டியரிங், ஒரு வேகம், அவ்வளவுதான். ஓட்டுகிறவனின் கோபத்துக்கு இப்பிரிவுகளில் இடமில்லை. இறங்கி அடித்தால் அது வேறு பிரிவு.

அந்த வேறு பிரிவு என்ன செய்யும்? 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் நடந்த ரோட்டுத் தகராறில் 65 வயது முதியவர் ஒருவர் இறந்தார். கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் விதித்தது ஆயிரம் ரூபாய் அபராதம். மறு ஆய்வில், 2022இல், ஒரு வருடச் சிறை. நடுவில் 33 வருடங்கள் ஓடிவிட்டன.

நம்ம பக்கம் கதையே வேறு. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ் ஏறினால் சங்கரன்கோவில். அதைத் தாண்டினால் வீரசிகாமணி. 1995 ஜூலை 26 அன்று அங்கே ஒரு பஸ் ஓட்டுநருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் தகராறு. ஓட்டுநர் மறவர், மாணவர்கள் தலித்துகள். வேறு நாட்டில் அது வெறும் வாய்ச்சண்டை. இங்கே ஊர் ஊராகப் பரவியது, கொலைகள் விழுந்தன. ஆகஸ்ட் 31 அன்று, அந்தத் தகராறுக்குச் சம்பந்தமே இல்லாத கொடியங்குளத்துக்குள் சுமார் 600 போலீசார் புகுந்து தலித் மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் நொறுக்கினார்கள். ஒரு பஸ் தகராறின் சட்ட விளைவு இப்படியும் இருக்கலாம் என்பதை எந்தப் பிரிவும் எழுதிவைக்கவில்லை.

காரணம், ரோடு இங்கே பொதுவெளியாகப் பிறக்கவில்லை. யார் ஒதுங்கணும், யாருக்காக வண்டி நிற்கணும் என்பதைச் சாதி முன்பே தீர்மானித்துவிடுகிறது. மோட்டார் சட்டம் வண்டியைப் பார்க்கும்; 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதியைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே, எந்தச் சட்டத்தில் வழக்கு என்று முதலில் எழுதுகிற கை ஸ்டேஷனில் இருக்கிறது. அந்தக் கை வேண்டுமென்றே கடமை தவறினால் அதையும் தண்டிக்கலாம் என்கிறது வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. நாம் அதிகம் கையில் எடுக்காத பிரிவு அது. அடுத்த பஸ் தகராறுக்கு முன்னால் அதை எடுத்துப் படித்தாக வேண்டும்.