கோலார் தங்கவயலில் கொள்ளைநோயும் பொது அடையாளமும்

முன்னுரை

கொள்ளைநோய் உடலை மட்டுமன்றிச் சமூக உறவுகளையும் தாக்குகிறது. அச்சம் மிகும்போது ‘நாம்’, ‘அவர்கள்’ என்னும் பிரிவு கூர்மை பெறும். பொதுத்துயர் மக்களை ஒன்றிணைக்கும் என்னும் கருத்தும் உண்டு. இவ்விரண்டும் கோலார் தங்கவயலில் எவ்வாறு அமைந்தன என்பது இங்கு ஆராயப்படுகிறது.

வயலின் சமூக அமைப்பு

1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் இங்குச் சுரங்கத்தொழில் வளர்ந்தது. வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகக் குடியேறினர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 38 ஆயிரத்தைக் கடந்திருந்தது. ஐரோப்பியர் பங்களாக்களிலும் தொழிலாளர் மூங்கில் தட்டிக் குடிசைகளிலும் வாழ்ந்தனர்.

நோயும் பழியும்

1896இல் பம்பாயில் பரவிய பிளேக் 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது, தங்கவயலும் தப்பவில்லை. எலித்தெள்ளே இந்நோயைப் பரப்புகிறது என 1898இல் சிமோன் எடுத்துரைத்தார். எனினும் அக்கருத்து ஏற்கப்படப் பல்லாண்டுகள் ஆயின. அதுவரை அழுக்கும் நெருக்கமுமே முதற்காரணங்களாகக் கருதப்பட்டன. வீட்டுச் சோதனை, தனிமுகாம், கிருமிநீக்கம் ஆகிய நடவடிக்கைகளின் சுமை எளியோர் குடியிருப்புகள்மீதே மிகுதியாக விழுந்தது. குறைந்த கூலியால் நேர்ந்த நெருக்கம் தொழிலாளியின் இயல்பாகக் கொள்ளப்பட்டது. வெளியார் பார்வையில் எல்லோரும் ‘கூலிகள்’ ஆயினர். ஆயினும் பிறர் இட்ட அப்பொதுப்பெயர் உள்ளிருந்த சாதி வேற்றுமையைப் போக்கவில்லை.

தேர்ந்துகொண்ட அடையாளம்

பிளேக் மைசூரில் நுழைந்த அதே 1898இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் கிளை மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப்பின் 1920களில் கோ.அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து வெளியிடப்பட்டது. இழிவு சுமத்தப்பட்டோர் தமக்குத் தாமே சாதியற்ற அடையாளம் ஒன்றை இவற்றின்வழி வகுத்துக்கொண்டனர். 1930இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற ஆணை குற்றவாளிகளுக்குரிய ஐயத்தை அவர்கள்மீது ஏற்றியபோது, தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நோய்க்காலம் தராத ஒற்றுமையை நெடுங்கால அமைப்புப்பணியும் தன்மதிப்பு உணர்வும் தந்தன எனலாம்.

முடிவுரை

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூர் சென்று உழைப்பதே தங்கவயல் மக்கள் பலரின் வாழ்வாயிற்று. 2020 மார்ச்சில் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டபோது அவ்வாழ்வும் நின்றது. ஊர் திரும்பிய உழைப்பாளர் நாட்டின் பல பகுதிகளில் நோய் சுமப்போராக நோக்கப்பட்டனர். துயர் பொதுவானதாயினும் பழி பொதுவாகப் பங்கிடப்படுவதில்லை. பழியைப் பகிர மறுக்கும் சமூகத்தில் ‘நாம்’ என்னும் சொல் பொருள் பெறாது என்பதே தங்கவயல் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.