அக்கம்பக்க நோய்த்தணிப்புப் பராமரிப்பு வலையமைப்பு (கேரளம்)

குணமாக்க முடியாத நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஊர்மக்களே தன்னார்வலர்களாக நின்று தாங்கும் அமைப்பு. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி நிவாரண, நோய்த்தணிப்புச் சங்கமே இதன் வேர். மருத்துவமனைக்கு வர இயலாமல் வீட்டில் படுத்துவிட்டவர்களை எட்டுவதற்காக, 2000த்தையொட்டிய ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்க்கிளைகள் பிறந்தன.

வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவரும் பயிற்சி பெற்றுச் சேரலாம். செவிலியர் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடும்போது, தன்னார்வலர் கட்டிலோரம் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். படுக்கைப்புண் வராமல் நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குக் காட்டுவார். அரிசிப் பானை காலியாகக் கிடப்பதும் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்பதும் முதலில் அவர் கண்ணில்தான் படும். மருந்துச் சீட்டில் அடங்காத இத்துன்பங்களையும் சிகிச்சையின் பகுதியாகக் கொண்டதே இவ்வமைப்பின் பெருஞ்சிறப்பு. செலவில் பெரும்பங்கை உள்ளூர்ச் சிறு நன்கொடைகளே தாங்குகின்றன.

2008இல் கேரள அரசு நோய்த்தணிப்புக் கொள்கையை அறிவித்தது; இந்திய மாநிலங்களில் அதுவே முதல். ஊராட்சிகளும் வீட்டுப் பராமரிப்பை ஏற்றன. நோயாளி இறந்த பின்பும் தன்னார்வலர்கள் அவ்வீட்டுக்குப் போய்வருகிறார்கள்.