பக்கத்தின் தோற்றத்தில் கடைசிச் சொல் யாருடையது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமைக் காலையில் எங்கள் இயற்பியல் துறையின் இணையத் தளத்தைத் திறந்தேன். அது எங்கள் தளம்தானா என்ற ஐயம் எழுந்தது. தலைப்பின் நிறம் மாறியிருந்தது. தமிழ் வரிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. மேல் வரியிலுள்ள ‘கு’, ‘மு’ ஆகியவற்றின் வளைவுகள் கீழ் வரியிலுள்ள ‘கீ’, ‘ரீ’ ஆகியவற்றின் மேல்விலங்குகளில் இடித்தன. முதுகலை மாணவர் ஒருவர் மூன்று வாரம் மாலை வேளைகளில் அமர்ந்து செய்த திருத்தங்கள் அத்தனையும் போய்விட்டன. காரணம் எளிது. முந்திய நாள் யாரோ ‘புதுப்பி’ என்ற பொத்தானை அழுத்தியிருந்தார். அந்த யாரோ நான்தான். நகல் எடுத்து வைத்திருந்தீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இயங்குகிறது. அதில் கட்டுரைகள் ஓரிடத்திலும், அவற்றின் தோற்றத்தை நிர்ணயிக்கும் ‘தீம்’ வேறோரிடத்திலும் இருக்கும். தீம் என்பது சில கோப்புகள் அடங்கிய ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். நாங்கள் திருத்தியது அந்தக் கோப்புகளையே. புதிய பதிப்பு வரும்போது பழைய ஃபோல்டர் முழுவதும் நீக்கப்பட்டுப் புதியது வைக்கப்படுகிறது. நீங்கள் பென்சிலால் குறிப்பெழுதிய பாடநூலை ஒருவர் எடுத்துக்கொண்டு, அதன் புதிய பதிப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் எப்படியிருக்கும்? அதுதான் நடந்தது.

இந்த இடருக்கு ‘சைல்ட் தீம்’, அதாவது சேய் தீம் என்ற தீர்வு இருக்கிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்திய ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் இணையப் பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? எழுதியவரா, படிப்பவரா, உலாவியைச் செய்தவரா?

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1990ஆம் ஆண்டு முதல் உலாவியை எழுதினார். எச்.டி.எம்.எல். என்னும் அவருடைய குறிமொழி, “இது தலைப்பு, இது பத்தி” என்று மட்டுமே சொல்லும். தலைப்பு எந்த அளவில், எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை உலாவி தனக்குள் வைத்திருந்த நடைத்தாள் பார்த்துக்கொண்டது. இயற்பியல் ஆய்வறிக்கைகளைப் பரிமாறிக்கொள்ள இது போதும். எங்களுக்குச் சமன்பாடு சரியாக இருந்தால் சரி. அது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கவலைப்பட்டதில்லை. ஆனால் வணிகர்களும் பத்திரிகைகளும் இணையத்துக்கு வந்தபோது, தங்கள் பக்கம் தாங்கள் விரும்பியபடியே தோன்ற வேண்டும் என்றார்கள். நெட்ஸ்கேப் போன்ற உலாவிகள் அவர்களுக்காக எழுத்துரு, நடுவமைப்பு, ஏன், கண்சிமிட்டும் எழுத்துக்குக்கூடத் தனித்தனிக் குறிகளைச் சேர்த்தன. பொருளும் ஒப்பனையும் ஒரே கோப்பில் கலந்தன.

அப்போது செர்னில் பணியாற்றிய நார்வே நாட்டவர் ஹோகன் வியும் லீ, 1994 அக்டோபர் 10ஆம் நாள் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். தோற்றத்தைத் தனி நடைத்தாளில் எழுதுவோம். எழுதியவர் ஒரு தாள் தரட்டும், படிப்பவர் ஒரு தாள் தரட்டும். அவை அருவி படிப்படியாக இறங்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று வந்து சேரட்டும் என்றார். இன்று நாம் சி.எஸ்.எஸ். என்று அழைப்பதில் முதல் எழுத்து குறிப்பது இந்த அருவியைத்தான்.

முன்மொழிவில் ஒரு விந்தை இருந்தது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம் எழுதலாம். “இந்தத் தலைப்பின் அளவில் எனக்கு 40 சதவீதம் செல்வாக்கு வேண்டும்” என்று ஒரு தாள் கேட்கலாம். மீதி 60 அடுத்த தாளுக்குக் கிடைக்கும். இதைப் படித்தபோது எனக்குத் தொகுபயன் விசை நினைவுக்கு வந்தது. ஒரு பொருளின்மீது இரண்டு விசைகள் செயல்பட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு விளைவைத் தருகின்றன, எதுவும் வீணாவதில்லை. ஆனால் எழுத்தின் அளவுக்கு இது பொருந்தலாம். ஒருவர் ஓர் எழுத்துருவையும் இன்னொருவர் வேறோர் எழுத்துருவையும் கேட்டால், இரண்டுக்கும் நடுவில் எது இருக்கிறது?

நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் பாஸ் என்பவரும் ஆர்கோ என்ற உலாவிக்காக நடைத்தாள் மொழி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து உழைத்தனர். 1996 டிசம்பர் 17இல் சி.எஸ்.எஸ். முதல் நிலை உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. சதவீதம் மறைந்துவிட்டது. அதன் இடத்தில் வந்தது தேர்தல் முறை: ஒரே உறுப்புக்குப் பல விதிகள் போட்டியிட்டால் ஒன்று முழுமையாக வெல்லும், மற்றவை முழுமையாகத் தோற்கும். நம்மில் பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ளச் செய்வது இந்த மாற்றமே.

வெற்றியை முடிவு செய்யும் முறையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். முதலில், விதி யாருடையது, அதற்கு ‘இம்பார்ட்டன்ட்’ என்ற முத்திரை உண்டா என்று பார்க்கப்படும். அடுத்து, விதி எவ்வளவு குறிப்பானது என்று எண்ணப்படும். ‘பத்திகள் எல்லாம்’ என்று சொல்லும் விதியைவிட, ஒரு கிளாஸ் பெயரைச் சொல்லும் விதி வலியது. அதைவிட, ஒரே ஓர் உறுப்பின் ஐ.டி.யைச் சொல்லும் விதி வலியது. இவற்றை ஒன்று, பத்து, நூறு என்னும் இடமதிப்புகளாகக் கருதலாம். ஆனால் ஒரு வேறுபாடு: பத்து ஒன்றுகள் சேர்ந்தாலும் ஒரு பத்து ஆகாது. எத்தனை கிளாஸ்களை அடுக்கினாலும் ஓர் ஐ.டி.யை வெல்ல முடியாது. இதிலும் சமநிலை வந்தால் மட்டுமே, பின்னால் வந்த விதி வெல்லும்.

படிப்பவரின் உரிமை என்னவாயிற்று? முதல் நிலையில் இருவரும் முத்திரை குத்தினால் எழுதியவரே வென்றார். 1998இல் வந்த இரண்டாம் நிலை இதைத் தலைகீழாக்கி, படிப்பவரின் முத்திரைக்கு முதலிடம் தந்தது. கண் பார்வை குறைந்த ஒருவர் எழுத்தைப் பெரிதாக்க விரும்பினால் எழுதியவர் தடுக்கக்கூடாது என்பதே இதன் நியாயம். சி.எஸ்.எஸ். வரலாற்றில் செய்யப்பட்ட மிக நாகரிகமான திருத்தம் இதுதான் என்பேன்.

விதி எழுதப்பட்டதும் உலாவிகள் அதற்குக் கீழ்ப்படிந்தனவா? இல்லை. ஒரு பெட்டிக்கு அகலம் 100 புள்ளி, உள்ளிடைவெளி இரு புறமும் 10, எல்லைக்கோடு இரு புறமும் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரையின்படி பெட்டி மொத்தம் 130 புள்ளிகளை அடைக்க வேண்டும். விண்டோஸில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, மொத்தமே 100தான் என்று கொண்டு, உள்ளடக்கத்துக்கு 70 மட்டும் ஒதுக்கியது. ஒரே பக்கம் ஓர் உலாவியில் ஒழுங்காகவும் மற்றொன்றில் உடைந்தும் தெரிந்தது. 2000ஆம் ஆண்டு மெக்கின்டாஷுக்கு வந்த எக்ஸ்ப்ளோரர் 5, முதல் நிலையை ஏறக்குறைய முழுமையாகப் பின்பற்றியது. பக்கத்தின் தலைவரியைப் பார்த்துப் பழைய முறையா, புதிய முறையா என்று முடிவு செய்யும் உத்தியும் அதில் இருந்தது. அதை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் டான்டெக் செலிக். வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்ப்ளோரரின் ‘தவறான’ கணக்கே வசதியானது என்று பலர் பிற்காலத்தில் உணர்ந்தார்கள். இன்று ஒரே ஒரு வரி எழுதி அந்தக் கணக்கை நாமே கேட்டுப் பெறலாம்.

இனி வேர்ட்பிரஸுக்கு வருவோம். மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற வலைப்பதிவு மென்பொருள் கவனிப்பாரற்றுப் போனபோது, அமெரிக்காவின் மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் அதிலிருந்து கிளைத்தெடுத்து 2003 மே 27இல் வேர்ட்பிரஸை வெளியிட்டனர். 2005 பிப்ரவரியில் வந்த 1.5ஆம் பதிப்பில் தீம்கள் வந்தன. ஒரு தீமின் நடைத்தாளின் தலைப்பில் ‘டெம்ப்ளேட்’ என்று ஒரு வரி எழுதி வேறொரு தீமின் ஃபோல்டர் பெயரைக் குறிப்பிட்டால், தன்னிடம் இல்லாத அச்சுகளை அது அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். சேய் தீமின் கரு இந்த ஒரு வரிதான். 2008 டிசம்பரில் வந்த 2.7ஆம் பதிப்பில் சேய், தாயின் எந்த அச்சுக் கோப்பையும் அதே பெயரில் தன் கோப்பை வைத்து மாற்றும் உரிமை பெற்றது. 2010இல் வந்த 3.0, ‘ட்வென்டி டென்’ தீமின் மூலம் இதைப் பொதுப் பழக்கமாக்கியது. தாய் புதுப்பிக்கப்பட்டாலும் சேயின் ஃபோல்டரை யாரும் தொடமாட்டார்கள். ஹோகன் லீயின் அருவியில் இன்னொரு படி சேர்ந்துவிட்டது எனலாம்.

நானும் அந்த மாணவரும் மறுபடி அமர்ந்து சேய் தீம் ஒன்றைச் செய்தோம். அதை இயக்கிய உடனே வந்தது, “தாய் தீமைக் காணவில்லை” என்ற செய்தி. டெம்ப்ளேட் வரியில் தீமின் அழகிய பெயரை எழுதியிருந்தோம். கேட்கப்பட்டதோ ஃபோல்டரின் பெயர். அதைத் திருத்தியதும் பக்கம் ஒப்பனை ஏதுமின்றி வெறும் எழுத்தாக நின்றது. தாயின் நடைத்தாளை யாரும் அழைக்கவில்லை. சேயின் தாளுக்குள்ளேயே ‘இம்போர்ட்’ என்ற வரியால் தாயின் தாளை அழைப்பது பழைய வழக்கம். அதில் உலாவி முதல் தாளைப் படித்த பிறகே இரண்டாவதைத் தேடிப் போகும், தாமதம். ஆகவே சேயின் ‘ஃபங்ஷன்ஸ்’ கோப்பில் வரிசைப்படி அழைப்பதே சிறந்தது: முதலில் தாய், பிறகு சேய். வரிசை மாறினால், சம வலிமையுள்ள இடங்களில் எல்லாம் தாயே வெல்லும்.

இந்த ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒரு பொறி உண்டு. அச்சுக் கோப்புகளில் சேய் இருந்தால் தாய் விலகிக்கொள்ளும். ஆனால் ஃபங்ஷன்ஸ் கோப்புகள் இரண்டுமே படிக்கப்படும், சேயுடையது முதலில். தாயின் கோப்பை அப்படியே நகலெடுத்துச் சேயில் ஒட்டினால் ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் வந்து, தளம் முழுவதும் நின்றுவிடும். ஒரு காலத்தில் இதற்கு வெறும் வெள்ளைத் திரைதான் பதில். 2019இல் வந்த 5.2ஆம் பதிப்பு முதல், பழுதைச் சொல்லி உள்ளே நுழைய வழி தரும் மீட்பு முறை இருக்கிறது. நாங்கள் அதை இரண்டு முறை பயன்படுத்தினோம்.

எல்லாம் சரியான பிறகும் தலைப்பின் நிறம் மாறவில்லை. மாணவர் பொறுமையிழந்து ‘இம்பார்ட்டன்ட்’ முத்திரையைக் குத்தப் போனார். வேண்டாம் என்றேன். அதைக் குத்தினால் நாளை அதை வெல்ல இன்னொரு முத்திரை வேண்டும். உலாவியிலுள்ள சோதனைக் கருவியைத் திறந்து தலைப்பைச் சுட்டினோம். ஜோ ஹெவிட் 2006இல் ஃபயர்பக் என்ற கருவியை வெளியிட்ட பிறகு பரவலான வசதி இது: ஓர் உறுப்புக்குப் போட்டியிட்ட விதிகள் அனைத்தும் அடுக்காகத் தெரியும், தோற்றவை கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். எங்கள் விதி அடிக்கப்பட்டிருந்தது. தாயின் விதியில் ஓர் ஐ.டி. இருந்தது, எங்களுடையதில் வெறும் கிளாஸ். அதே ஐ.டி.யை எங்கள் விதியிலும் எழுதியதும் நிறம் மாறியது.

வரி இடைவெளியில்தான் வேறொரு சிக்கல். சோதனைக் கருவியில் எங்கள் விதியே காணப்படவில்லை, அடிக்கப்பட்டும் இல்லை. விதி தோற்பதும் விதி வந்து சேராததும் வேறுவேறு நோய்கள். உலாவி நேற்றைய நடைத்தாளைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. தாளின் பதிப்பு எண்ணை மாற்றி அழைத்தோம். ‘கு’வும் ‘கீ’யும் விலகி நின்றன.

2016இல் வந்த 4.7 முதல், சிறு நிறமாற்றத்துக்குச் சேய் தீமே தேவையில்லை, ‘கூடுதல் சி.எஸ்.எஸ்.’ என்ற பெட்டியில் எழுதினால் போதும். 2022இல் வந்த 5.9 முதல், தொகுதி வகைத் தீம்களில் நிறத்தையும் எழுத்தளவையும் திரையிலேயே தேர்ந்தெடுக்கலாம். அச்சுக் கோப்பையோ செயற்கூற்றையோ தொட வேண்டியவர்களுக்குச் சேய் தீம் இன்றும் வேண்டியிருக்கிறது. எங்கள் மாணவர் செய்த சேயில் நடைத்தாள் 62 வரிகள். மூன்று வார வேலையில் உண்மையாகத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அவர் படிப்பை முடித்துச் சென்றபின் தாய் தீம் நான்கு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. நான்கு முறையும் பொத்தானை அழுத்தியது நானே. இப்போது நகல் எடுத்துவிட்டுத்தான் அழுத்துகிறேன்.