தண்டவாளத் தடங்கள் – 17: சொந்தத் தண்டவாளம் இல்லாத கம்பெனி

சென்ற வாரம் ஜார்ஜ் புல்மேனின் சிகாகோவில் நிறுத்தியிருந்தோம். அவருடைய ரயில் பெட்டிகளில் பகல் நேர இருக்கைகளே இரவில் கீழ்ப் படுக்கையாக மாறும். கூரையோரம் மடித்து வைத்த பலகை இறங்கி மேல் படுக்கையாகும். நடுவே நடைபாதை, இருபுறமும் கனத்த திரைச்சீலை. 1860களின் பிற்பகுதியில் அந்தப் பெட்டிகளில் பயணம் செய்தவர்களில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து இளைஞர் ஒருவரும் உண்டு. பெயர் ஜார்ஜ் நாகெல்மாக்கர்ஸ். வங்கி நடத்திய செல்வக் குடும்பத்துப் பிள்ளை. தன்னைவிட மூத்த உறவுக்காரப் பெண்மீது கொண்ட காதல் கைகூடவில்லை. கொஞ்ச காலம் கண்காணாமல் இருந்துவிட்டு வரட்டும் என்று வீட்டார் அவரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அமெரிக்கப் பெட்டிகளின் வசதி அவருக்குப் பிடித்திருந்தது, திரைச்சீலை பிடிக்கவில்லை. ஐரோப்பியப் பயணிக்குக் கதவு வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும் என்று முடிவு செய்தார். இதைவிடப் பெரிய இன்னொரு சிக்கலும் அவருக்குத் தெரிந்தது. புல்மேனின் பெட்டி எத்தனை நாள் ஓடினாலும் ஒரே தேசத்துக்குள் ஓடியது. ஐரோப்பாவில் அப்படி முடியாது. இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து, நடுச்சாமத்தில் எல்லை வந்ததும் பெட்டி படுக்கையோடு இறங்கி, சுங்கச் சாவடியில் மூட்டையைப் பிரித்துக் காட்டி, அடுத்த நாட்டு ரயிலில் ஏற வேண்டும். ஒரே நாட்டுக்குள்ளேயே ரயில்வே கம்பெனிகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை, தனிக் கட்டணம், தனிக் கர்வம்.

பாரிஸில் படுத்தவர் வியன்னாவில் கண்விழிக்க வேண்டும். இந்த எண்ணத்தை விளக்கி 1870இல் ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜூலையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. எல்லை தாண்டும் ரயிலைப் பற்றிப் பேச யாருக்கும் காது இல்லை. அவர் காத்திருந்து 1872இல் லியேஜில் தன் கம்பெனியைத் தொடங்கினார். வாகோன்-லி என்ற பெயரில் பின்னாளில் உலகமே அறிந்த நிறுவனம் அதுதான்.

இந்தக் கம்பெனி நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதனிடம் ஓரடித் தண்டவாளம்கூடக் கிடையாது. எஞ்சின் கிடையாது, ஸ்டேஷன் கிடையாது. இருந்தவை பெட்டிகளும், அவற்றில் வேலை செய்யும் ஆட்களும், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களும் மட்டுமே. பயணி முதல் வகுப்பு டிக்கெட்டை வாங்கினால் அந்தப் பணம் ரயில்வேக்குப் போகும். படுக்கைக்காகச் செலுத்தும் கூடுதல் கட்டணம் நாகெல்மாக்கர்ஸுக்கு. அதற்கு ஈடாக, ரயில்வே அவருடைய பெட்டியைத் தன் ரயிலோடு கோத்து எல்லை வரை இழுத்துச் சென்று, அடுத்த ரயில்வேயிடம் ஒப்படைக்கும். பகைமை ஆறாத நாடுகளையும் இதற்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஆடம்பரத்தைவிட இந்தப் பேச்சுவார்த்தைதான் அவருடைய உண்மையான சாதனை என்று நான் நினைக்கிறேன்.

முதல் சில ஆண்டுகள் பணமுடை. வில்லியம் டால்டன் மான் என்ற அமெரிக்கக் கர்னல் 1873இல் கூட்டாளியாக வந்து கம்பெனிக்குத் தன் பெயரையே சூட்டினார். 1874 ஜனவரியில் ரஷ்யாவில் நடந்த தம்பியின் திருமணத்துக்குப் பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்ட் இவர்களுடைய பெட்டியில் போனது நல்ல விளம்பரம். 1876இல் மான் தன் பங்கை விற்றுவிட்டு விலகினார். பிற்காலத்தில் நியூயார்க்கில் பெரிய மனிதர்களைப் பற்றிய கிசுகிசுப் பத்திரிகை நடத்திப் பேர் வாங்கியவர் இவரே.

அதே 1876இல் கம்பெனியைப் புதிதாகப் பதிவு செய்தபோது பங்குதாரர் பட்டியலில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் பெயரும் இருந்தது. ஐரோப்பிய அரச குடும்பங்களில் பாதிப்பேர் அவருக்கு உறவு. மூடிக் கிடந்த கதவுகள் திறந்தன. ஆனால் இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. இதே லியோபோல்ட்தான் பின்னர் காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக்கி, ரப்பருக்காக அம்மக்களைச் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாக்கியவர். வாகோன்-லியின் முன்னேற்றத்தில் அவருடைய செல்வாக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

1883. பாரிஸிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளை நோக்கிச் செல்லும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் சேவை அந்தக் கோடையிலேயே தொடங்கிவிட்டது. பத்திரிகையாளர்களையும் பிரமுகர்களையும் அழைத்துச் சென்ற புகழ்பெற்ற பயணம் அக்டோபர் 4ஆம் தேதி மாலை, இன்று கார் த லெஸ்த் எனப்படும் நிலையத்திலிருந்து புறப்பட்டது. கிழக்கு பிரான்ஸ் ரயில்வே, அல்சாஸ்-லொரேன், பாடன், வூர்ட்டெம்பர்க், பவேரியா, ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியா என்று பாதை நெடுக அத்தனை நிர்வாகங்களும் அந்தப் பெட்டிகளைக் கைமாற்றி இழுத்தன.

பயணிகளில் எழுத்தாளர் எட்மோன் அபூ இருந்தார். அவர் பிறந்த தியூஸ் என்ற ஊர் லொரேனில் இருந்தது; 1871 தோல்விக்குப் பிறகு அது ஜெர்மனியின் கைக்குப் போய்விட்டது. சவேர்னில் அவருக்கு வீடும் இருந்தது. 1872இல் அங்கே வைத்துத்தான் ஜெர்மானியர்கள் அவரைக் கைது செய்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க் செல்லும் ரயில் பாதை அந்தச் சவேர்ன் வழியாகவே போகிறது. பறிபோன தன் மண்ணை அவர் அந்த இரவில் படுக்கைப் பெட்டிக்குள் இருந்தபடி கடந்தார். எந்த ராஜதந்திரப் பேச்சிலும் முடியாத ஒன்றை ஒரு வியாபார ஒப்பந்தம் நடத்திக்காட்டியது.

ஹங்கேரியில் ஜிப்ஸி இசைக்குழு ஒன்று ரயிலில் ஏறி, உணவுப் பெட்டியில் வாசித்தது. ருமேனியாவில் சினாயா மலை நிலையத்தில் ரயில் நின்றபோது, புதிதாகத் திறக்கப்பட்ட பெலேஷ் அரண்மனைக்கு மன்னர் கரோல் விருந்தினர்களை அழைத்தார். மழையில் சேற்றுப் பாதையில் எல்லோரும் நடந்தே மேலேறினார்கள். லண்டன் டைம்ஸ் இதழின் புகழ்பெற்ற செய்தியாளர் ப்ளோவிட்ஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பயணத்தின் முடிவில் சுல்தான் அப்துல் ஹமீதையே சந்தித்துப் பேட்டி கண்டுவிட்டார்.

இன்று பலர் நினைப்பதுபோல அந்த ரயில் கான்ஸ்டாண்டிநோபிள் வரை போகவில்லை. டான்யூப் கரையில் ஜுர்ஜூவில் அது நின்றுவிட்டது. படகில் ஆற்றைக் கடந்து ருசேயில் வேறொரு ரயில். கருங்கடலோரம் வர்னாவில் இறங்கிக் கப்பல். பாரிஸைவிட்டுச் சுமார் 80 மணி நேரம் கழித்துத்தான் நகரம் கண்ணில் பட்டது. பால்கன் பாதைகள் ஒன்றோடொன்று இணைந்து, இறங்காமல் போய்ச்சேரும் வசதி 1889இல்தான் வந்தது. மறு ஆண்டு அந்நகரில் சிர்கெசி நிலையம் திறக்கப்பட்டது. வந்தவர்கள் தங்குவதற்குப் பெரா பேலஸ் ஹோட்டல் எழுந்தது.

இந்தப் பயணங்களைத் தாங்கி நின்றவர் ஒருவர் உண்டு. பெட்டிக்கு ஒருவராக நியமிக்கப்பட்ட, பழுப்புச் சீருடை அணிந்த நடத்துநர். பயணிகள் இரவு உணவுக்குப் போன நேரத்தில் இருக்கைகளைப் படுக்கையாக்கி விரிப்பு போடுவார். டிக்கெட்டுகளையும் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வார். நள்ளிரவில் எல்லை அதிகாரிகள் ஏறினால், உள்ளே இருப்பவரைத் தட்டி எழுப்பாமல் தாமே பேசி அனுப்புவார். அந்தந்த நாட்டு மொழியில் நாலு வார்த்தையாவது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் கொதிகலன் இருந்ததால், குளிர்காலத்தில் அதற்குக் கரி அள்ளிப் போடுவதும் அவர் வேலைதான். பெட்டிக் கோடியில் இருந்த சிறு இருக்கையில் இரவெல்லாம் விழித்திருப்பார். அபூ எழுதிய புத்தகமும் ப்ளோவிட்ஸின் கட்டுரைகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த நடத்துநர்கள் அநேகமாகப் பெயரில்லாமலே போய்விட்டார்கள். எத்தனையோ பேரின் நிம்மதியான உறக்கம் அவர்களுடைய உறங்காத இரவுகளால் சாத்தியமானது. இரவு ரயிலின் வரலாறு என்றால் முதல் பக்கம் அவர்களுக்கே உரியது.

ஒப்பந்தத்தால் கடக்க முடியாத இடங்களும் இருந்தன. லிஸ்பனையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் ஒரே ரயிலால் இணைக்க நாகெல்மாக்கர்ஸ் ஆசைப்பட்டார். பிரான்சிலும் ஜெர்மனியிலும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் 1,435 மில்லிமீட்டர், ரஷ்யாவில் 1,524, ஸ்பெயினில் அதையும்விட அகலம். 1887இல் சுட் எக்ஸ்பிரஸும் 1896இல் நோர் எக்ஸ்பிரஸும் தனித்தனியாக வந்தன. இரண்டிலும் எல்லையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறத்தான் வேண்டியிருந்தது. தடை வேறு உருவிலும் வந்தது: 1891இல் துருக்கியில் செர்கெஸ்கோய் அருகே கொள்ளைக் கூட்டமொன்று தண்டவாளத்தைப் பெயர்த்து ஓரியண்ட் எக்ஸ்பிரஸைக் கவிழ்த்தது. ஜெர்மானியப் பயணிகள் சிலரைப் பிணையாகப் பிடித்துப்போய், மீட்புத் தொகை வந்த பிறகே விடுவித்தார்கள்.

நாகெல்மாக்கர்ஸ் 1905இல் இறந்தார். முதல் உலகப் போர் மூண்ட 1914 ஆகஸ்டை அவர் பார்க்க நேராதது ஒருவகையில் நல்லதுதான். எந்தப் பெட்டி எந்த நாட்டில் நின்றதோ அங்கேயே மாட்டிக்கொண்டது. ஜெர்மனி தன் எல்லைக்குள் இருந்தவற்றை எடுத்துக்கொண்டு, பெர்லினிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் பால்கன்சுக் என்ற ரயிலை 1916இல் ஓடவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மித்ரோப்பா என்ற போட்டிக் கம்பெனியையும் நிறுவியது. நாற்பது ஆண்டுகள் ஒவ்வொரு கையெழுத்தாகச் சேர்த்தது, சில வாரங்களில் சிதறிவிட்டது. தண்டவாளங்கள் அப்படியே இருந்தன. இல்லாமல் போனவை உடன்பாடுகள்.

அந்தப் போரை முடித்த உடன்பாடு கையெழுத்தானதும் ஒரு வாகோன்-லி பெட்டியில்தான். எண் 2419, 1914இல் கட்டிய உணவுப் பெட்டி. பிரெஞ்சு மார்ஷல் ஃபோஷின் அலுவலகமாக மாற்றப்பட்டு காம்பியேன் காட்டில் நின்ற அந்தப் பெட்டியில், 1918 நவம்பர் 11 அதிகாலை ஐந்து மணி கடந்ததும், எர்ட்ஸ்பெர்கர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழு கையெழுத்திட்டது. பிறகு அதை நினைவுச்சின்னமாக்கினார்கள். 1940 ஜூனில் ஹிட்லர் அதே பெட்டியை அதே இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, பிரான்சின் சரணாகதியை அதற்குள்ளேயே வாங்கினார். பெர்லினுக்கு இழுத்துச் சென்று மக்களுக்குக் காட்டினார்கள். 1945இல் அது அழிந்தது. இன்று காம்பியேனில் இருப்பது அதே வரிசையைச் சேர்ந்த 2439ஆம் எண் பெட்டி. 2419 என்று எண்ணை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

வெற்றி பெற்ற நாடுகள் 1919இல் இரவு ரயிலை மீண்டும் ஓட்ட உட்கார்ந்தபோது, வரைபடத்தில் முதலில் செய்தது ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஒதுக்கியதுதான். அதற்கு வழி ஏற்கெனவே தயாராக இருந்தது: சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸைக் குடைந்து 1906இல் திறந்த, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமுள்ள சிம்ப்ளோன் சுரங்கம். லொசான், மிலான், வெனிஸ், ட்ரியெஸ்ட், ஸாக்ரெப், பெல்கிரேட், சோபியா வழியாக ஓடிய அந்தச் சிம்ப்ளோன் ஓரியண்ட் எக்ஸ்பிரஸையும், அதில் ஏறிய அகதா கிறிஸ்டியையும் அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)