மலைக்கு இரயில் உண்டு, ஊருக்கு இல்லை! - பினாங்கு மலை இரயிலின் கதை

தென்காசி, கடையநல்லூர், வடகரை வட்டாரத்தில் பினாங்கு என்ற பெயரைக் கேட்காதவர்கள் மிகக் குறைவு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி சபர் போன தாத்தாமார்களின் கதை பல வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. 'ரஜூலா', 'சிதம்பரம்' போன்ற கப்பல்களின் பெயர்கள் பெரியவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த பினாங்கில் ஒரு மலை இரயில் இருப்பதும், அது 100 ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பதும் பலருக்குத் தெரியாது. அதைவிட வியப்பான செய்தி, மலை மீது இரயில் ஓட்டிய அந்த ஊரில் தெருவில் ஓடிய டிராம் வண்டியை 1936-லேயே நிறுத்திவிட்டார்கள் என்பதுதான்.

மலைக்குக் கிடைத்தது ஏன் ஊருக்கு நிலைக்கவில்லை? அதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

கடலும் மலையும்

பினாங்கு ஒரு தீவு. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் கொண்டுவந்தார். தீவின் கிழக்கு ஓரத்தில் கடலை ஒட்டி ஜார்ஜ் டவுன் நகரம் எழுந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்களை அங்கே 'சூலியா' என்று அழைத்தார்கள். சூலியா தெரு என்ற பெயர் அப்படி வந்ததுதான். காதர் முகைதீன் என்ற தமிழ் வணிகர் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுவில் நிற்கிறது.

நகருக்குப் பின்னாலேயே மலை. அதன் உயரமான சிகரம் 833 மீட்டர். கீழே வியர்த்துக் கொட்டும்போது மேலே சில டிகிரி குளிர்ச்சி. நமக்குக் குற்றாலச் சாரல் எப்படியோ அப்படி ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அந்த மலை. 18-ம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே மலைக்குப் பாதை வெட்டி, பங்களா கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மேலே போவது எப்படி? குதிரையில் போகலாம், நடந்து போகலாம். வசதி உள்ளவர் டோலியில் உட்கார்ந்துகொள்வார், கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றுவார்கள். மலையில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் கும்பிட்ட முருகன் கோயில் ஒன்று உச்சியில் இருக்கிறது. அருளொளி திருமுருகன் ஆலயம் என்று இன்று அதற்குப் பெயர். பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் உண்டு. மலை யாருக்காக இருந்தது, யார் உழைப்பால் இருந்தது என்பதை அந்தச் சின்னக் கோயிலே சொல்லிவிடும்.

தோற்றுப்போன முதல் இரயில்

மலைக்கு இரயில் விடும் யோசனை 1890-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. 1900-களின் தொடக்கத்தில் தனியார் முயற்சியில் ஒரு பாதையும் போடப்பட்டது. ஆனால் தொழில்நுட்பக் கோளாறுகளால் அது சரியாக இயங்கவில்லை. கைவிட்டுவிட்டார்கள்.

அதே காலத்தில் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1904-ல் செங்கோட்டை, புனலூர், கொல்லம் மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து, கழுதுருட்டியில் 13 கண் பாலம் கட்டி, இரயிலை மலை தாண்ட வைத்துவிட்டார்கள். இங்கே முடிந்தது அங்கே ஏன் முடியவில்லை?

காரணம் சரிவு. செங்கோட்டைப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல ஏறுகிறது. அதனால் சாதாரண எஞ்சினே இழுத்துவிடும். ஊட்டி இரயிலின் மலைப்பாதையில் 12 அடி போனால் ஓரடி ஏற வேண்டும். அதற்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் தேவைப்பட்டது. பினாங்கு மலையிலோ செங்குத்தான இடங்களில் இரண்டடி போனால் ஓரடி ஏற்றம்! இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு கீழேதான் வரும். அங்கே எஞ்சினை நம்பிப் பயனில்லை. கயிறுதான் வழி.

கிணற்று வாளித் தத்துவம்

கம்பிவட இரயில் எப்படி வேலை செய்கிறது என்பது கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு எளிதில் புரியும். ராட்டினத்தில் கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டியிருந்தால், ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். இறங்கும் வாளியின் எடை ஏறும் வாளிக்கு உதவி செய்யும்.

இங்கே வாளிக்குப் பதில் இரயில் பெட்டி. கயிற்றுக்குப் பதில் கனமான எஃகு வடம். மேல் நிலையத்தில் பெரிய சக்கரமும் மோட்டாரும். பெட்டிகளின் எடை ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால், இரண்டு பெட்டிகளிலும் உள்ள ஆட்களின் எடை வித்தியாசத்தையும் உராய்வையும் சமாளித்தால் போதும். மின்சாரச் செலவு குறைவு.

இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே தண்டவாளம்தான். சரியாக நடுவழியில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும். ஒரே வடத்தில் கட்டப்பட்டிருப்பதால் இரண்டும் எப்போதும் அந்த இடத்தில்தான் சந்திக்கும். மோதவே வழியில்லை!

ஆனால் எல்லாமே வடத்தையும் பிரேக்கையும் நம்பித்தான். 2025 செப்டம்பர் 3 அன்று போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில், 1885 முதல் இயங்கிவந்த குளோரியா கம்பிவட இரயிலின் வடம் பிடிப்பு விட்டுப்போய், பெட்டி சரிவில் பாய்ந்து 16 பேர் இறந்தார்கள். இவ்வகை இரயிலில் பராமரிப்பு என்பது கணக்குப் பார்க்கும் விஷயமல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

1923: மலை ஏறியது இரயில்

தனியார் தோற்ற இடத்தில் அரசாங்கம் இறங்கியது. மலாயா இரயில்வேயைச் சேர்ந்த அர்னால்டு ஜான்சன் என்ற பொறியாளர் சுவிட்சர்லாந்து நாட்டு மலை இரயில்களை முன்மாதிரியாகக் கொண்டு திட்டம் வகுத்தார். செலவு சுமார் 15 லட்சம் டாலர் (அன்றைய மலாயா பகுதி நாணயம்). பாதையின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். வழியில் பாலமும், சரிவாகவே குடைந்த ஒரு சுரங்கமும் உண்டு. 1923 அக்டோபரில் இரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி 1 அன்று ஆளுநர் சர் லாரன்ஸ் கில்லமார்டு முறைப்படி திறந்து வைத்தார்.

அன்றைக்கு அது ஒரே மூச்சில் மேலே போகும் இரயில் அல்ல. கீழ்ப்பகுதி, மேல்பகுதி என்று இரண்டு துண்டு. நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மொத்தப் பயணம் அரை மணி நேரம். டோலியில் மணிக்கணக்கில் ஆன ஏற்றம் அரை மணியில் முடிந்தது.

யாருக்கு இந்த இரயில்? முதலில் மேலே பங்களா வைத்திருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும்தான். இது பினாங்கில் மட்டும் நடந்ததல்ல. ஹாங்காங்கில் 1888-ல் தொடங்கிய பீக் டிராமில் பயணிகளை வகுப்பு வாரியாகப் பிரித்தார்கள். முன் இருக்கை ஆளுநருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த காலமும் உண்டு. 1904-ல் போட்ட ஒரு சட்டத்தால் சீனர்கள் அந்த மலையில் குடியிருக்கவே தடை இருந்தது. அது 1946-ல்தான் நீக்கப்பட்டது. குளிர்ந்த காற்றுக்குக்கூட நிறம் பார்த்த காலம் அது!

ஊருக்குள் ஓடிய டிராம்

இனி கீழே இறங்கி வருவோம். ஜார்ஜ் டவுன் தெருக்களில் 1880-களிலேயே நீராவி டிராம் ஓடியது. 1900-களின் முதல் பத்தாண்டில் நகராட்சி மின்சார டிராமைக் கொண்டுவந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள், கடைச் சிப்பந்திகள், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் வண்டி. மலை இரயிலைப் போல அது வேடிக்கை பார்க்கப் போகும் இரயில் அல்ல. பிழைப்புக்குப் போகும் இரயில்.

1920-களின் நடுவில் 'டிராலிபஸ்' வந்தது. மேலே மின்கம்பி உண்டு, கீழே தண்டவாளம் கிடையாது. தேய்ந்துபோன தண்டவாளத்தை மாற்றுவதைவிட இது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். 1936-ல் டிராம் நின்றது. பிறகு சாதாரண பஸ் பெருகியது. 1961-ல் டிராலிபஸ்ஸும் நின்றது. தார் போட்டு மூடிய பழைய தண்டவாளம் பிற்காலத்தில் பினாங்கு சாலையில் தோண்டியபோது வெளிப்பட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜார்ஜ் டவுன் கடற்கரையில் மணிக்கூண்டு வைத்த மலாயா இரயில்வே கட்டடம் ஒன்று நிற்கிறது. தண்டவாளமே இல்லாத இரயில் நிலையம் அது! அங்கே டிக்கெட் வாங்கி, படகில் எதிர்க்கரைக்குப் போய், அங்கிருந்துதான் இரயில் ஏற வேண்டும். இன்று அது சுங்கத்துறை அலுவலகம்.

சென்னையிலும் இதே கதைதான். 1895-ல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடிய நகரம் அது. 1953-ல் நிறுத்தினார்கள். ஹாங்காங் மட்டும் 1904-ல் தொடங்கிய தெரு டிராமையும் விடவில்லை, மலை டிராமையும் விடவில்லை. இரண்டும் இன்றும் ஓடுகின்றன.

மலை இரயில் ஏன் பிழைத்தது?

பினாங்கு மலை இரயில் பிழைத்ததற்குக் காரணம் அதன் மீது இருந்த பாசம் அல்ல. மாற்று வழி இல்லாததுதான். மலைக்கு ஜீப் பாதை ஒன்று இருக்கிறது. ஆனால் அது பொதுமக்களின் வண்டிகளுக்கு அல்ல, குடியிருப்பவர்களுக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டும். மற்றவர்கள் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரயில் ஏற வேண்டும். ஆகவே இரயிலைச் செப்பனிட்டே தீர வேண்டியிருந்தது. 1977-ல் மரப்பெட்டிகளுக்குப் பதில் சிவப்புப் பெட்டிகள் வந்தன. 2010 பிப்ரவரியில் பழைய முறையை மொத்தமாக நிறுத்தி, 2011-ல் புதிய இரயிலைத் திறந்தார்கள். இப்போது நடுவில் மாற வேண்டியதில்லை. ஒரு பெட்டியில் 100 பேர் வரை போகலாம். அரை மணிப் பயணம் பத்து நிமிடத்துக்குள் சுருங்கிவிட்டது.

அதே 2010-ல்தான் செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் இரயிலும் நின்றது என்பது குறிப்பிடத்தக்கது. பினாங்குக்காரர்கள் ஓராண்டில் மீண்டும் ஏறினார்கள். நம் மலைப்பாதை அகலப்பாதையாகி முழுவதும் திறக்க 2018 ஆயிற்று.

காலம் செய்த நல்ல காரியம் ஒன்றும் இருக்கிறது. ஆளுநருக்காகப் போட்ட இரயிலில் இன்று எல்லாரும் ஏறுகிறார்கள். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணமும் குறைவு. நம் பழனியில் 1966-ல் தொடங்கிய வின்ச் இதே கம்பிவட இரயில்தான். ஆனால் அது தொடக்கத்திலிருந்தே படியேற முடியாத பக்தர்களுக்காக வந்தது. ஒரே தொழில்நுட்பம், இரண்டு ஊரில் இரண்டு நோக்கம்!

மீண்டும் தண்டவாளம்

தெருவில் தண்டவாளத்தை எடுத்த ஊர் அதற்கு விலை கொடுத்தது. தீவை எதிர்க்கரையோடு இணைக்க 1985-ல் ஒரு பாலம், 2014-ல் இரண்டாவது பாலம் கட்டினார்கள். இரண்டிலும் சாலை மட்டும்தான், இரயில் இல்லை. கார் பெருகியது, நெரிசலும் பெருகியது.

கடைசியில் 2025 ஜனவரி 11 அன்று 'முத்தியாரா பாதை' என்ற நகர இரயில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மலாய் மொழியில் 'முத்தியாரா' என்றால் முத்து. சுமார் 29 கிலோமீட்டர் நீளம். தீவின் தெற்கிலிருந்து ஜார்ஜ் டவுன் வந்து, கடலைத் தாண்டி எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் போகும். 2031-ல் முடிப்பது இலக்கு. அப்படி முடிந்தால், டிராம் நின்று 95 ஆண்டுகள் கழித்து ஊருக்குள் மீண்டும் இரயில் ஓடும்.

1936-ல் தண்டவாளத்தை மூடியவர்கள் முட்டாள்கள் அல்ல. அன்றைய கணக்கில் அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டுச் செலவைப் பார்த்தார்களே தவிர, அடுத்த தலைமுறையின் செலவைப் பார்க்கவில்லை. மலை இரயிலுக்கு வேறு வழியில்லாததால் காசு போட்டார்கள், அது நூறாண்டு நின்றது. டிராமுக்கு வேறு வழி இருக்கிறது என்று விட்டார்கள், அந்த வழியே இன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சீசன் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சில கிலோமீட்டர் சாலையில் வண்டிகள் ஊர்ந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாலை இருக்கிறதே என்பது மட்டும் ஓர் ஊருக்குப் போதாது.